ஏப்ரல் ஏழா, ஜூலை நாலா?

கலிபோர்னியாவில் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிற, ஆனால் அதிகம் பேர் படித்திராத ஒரு வரி சம்பளச் சீட்டில் உண்டு. ‘சிஏ எஸ்டிஐ’ என்று இருக்கும். 2025இல் அந்தப் பிடித்தம் சம்பளத்தில் 1.2 சதவீதம். முன்பு அதற்கு உச்சவரம்பு இருந்தது, 2024இல் எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஒன்றரை லட்சம் டாலர் சம்பாதித்தவர் 1,800 டாலர் கட்டினார். கம்பெனி இதில் காலணா போடுவதில்லை. முழுக்க முழுக்கத் தொழிலாளியின் காசு.

நோயில் படுத்தாலோ பிள்ளை பெற்றாலோ திருப்பிக் கேட்க வேண்டிய காசு இது. கேட்கிற நேரத்தில்தான் நம் ஆட்களுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. “கவர்மென்ட் உதவி வாங்கினா கிரீன் கார்டுக்குச் சிக்கலாமே?” என்று கோயில் பிரசாத வரிசையில் ஒருவர் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். சிக்கல் எதுவும் இல்லை. இது உதவித்தொகை இல்லை, பிரீமியம் கட்டி எடுத்த காப்பீடு. எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் உண்டு.

திட்டம் பழையது. எஸ்டிஐ என்கிற மாநில உடல்நலக்குறைவுக் காப்பீடு 1946இல் வந்தது. அதன் மேல் ஏறிய குடும்ப விடுப்புத் தொகை 2004 ஜூலையில் தொடங்கியது. அமெரிக்காவில் அதை முதலில் கொடுத்த மாநிலம் கலிபோர்னியா. தனக்கே உடம்பு சரியில்லை என்றால் 52 வாரம் வரை, பிறந்த குழந்தையோடு இருக்கவோ நோயுற்ற உறவினரைப் பார்த்துக்கொள்ளவோ என்றால் 8 வாரம் வரை பணம் வரும். பிரசவத்துக்கு வழக்கமாகத் தேதிக்கு முன் 4 வாரம், பின் 6 வாரம், சிசேரியன் என்றால் 8 வாரம். அது முடிந்ததும் குழந்தைக்கான 8 வாரத்தைத் தொடரலாம். 2025 முதல் சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம் தருகிறார்கள். அந்த ஆண்டின் உச்சம் வாரத்துக்கு 1,681 டாலர்.

இவ்வளவு நல்ல திட்டத்தில் எங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்? முதலில், தப்பான கவுன்டரில். இந்தியாவில் பிரசவ விடுப்பு என்றால் கம்பெனி கொடுப்பது. 2017 முதல் 26 வாரம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எச்.ஆர். எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள். எச்.ஆர். விடுப்பைப் பதிவு செய்வார். பணத்துக்கு நாம்தான் மாநில வேலைவாய்ப்புத் துறையான ஈடிடியிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கும் விதிவிலக்கு உண்டு. சில கம்பெனிகள் மாநிலத் திட்டத்துக்குப் பதிலாகச் சொந்தத் திட்டம் நடத்துகின்றன. அங்கே சீட்டில் ‘விபிடிஐ’ என்று இருக்கும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் ஈடிடியில் விண்ணப்பம் போட்டால் காகிதம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக, முதல் வேலை சம்பளச் சீட்டைப் படிப்பது.

இரண்டாவது சிக்கலைப் பக்கத்து வீட்டில் பார்த்தேன். சிசேரியன் ஆகி வந்த பெண். மடியில் குழந்தை, கையில் போன். “அக்கா, டாக்டர் ஆபீஸ்ல அனுப்பிட்டோம்ங்கறாங்க. இங்க பார்த்தா சர்ட்டிஃபிகேட் வரலன்னு இருக்கு. யாரு சொல்றது நெசம்?” இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். ஆஸ்பத்திரிக்கு முதன்முதலாகப் போனபோது படிவத்தில் நம்மூர் வழக்கப்படி 7/4 என்று பிறந்த தேதியை எழுதியிருக்கிறாள். ஏப்ரல் ஏழாம் தேதிக்காரி, அவர்கள் கணினியில் ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று பிறந்தவளாகிவிட்டாள். டாக்டரின் சான்றிதழ் அந்தத் தேதியோடு போயிருக்கிறது. இவள் விண்ணப்பத்தில் ஏப்ரல். இரண்டும் ஒரே ஆள் என்று யார் கண்டார்கள்? ஆஸ்பத்திரியில் தேதியைத் திருத்தி, விண்ணப்பத்தின் ரசீது எண்ணையும் கொடுத்து மறுபடி அனுப்பச் சொன்ன பிறகு நகர்ந்தது.

இந்தத் திட்டமே மூன்று பேர் வாக்குமூலம். நாம் ஒன்று சொல்கிறோம், டாக்டர் ஒன்று சொல்கிறார், கம்பெனி ஒன்று சொல்கிறது. பெயர், பிறந்த தேதி, கடைசியாக வேலை பார்த்த நாள் எல்லாம் மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். தமிழர்களுக்குப் பெயரே ஒரு கண்டம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, சம்பளப் பட்டியலில் இனிஷியலாகி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் வேறு விதமாக நிற்கும். தேதி விஷயத்திலும் கறார் உண்டு. உடம்பு முடியாமல் போய் 9 நாள் கழிந்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம், 49 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். குடும்ப விடுப்புக்கு 41 நாள். டாக்டர் போட்ட முடிவுத் தேதி தாண்டியும் உடம்பு தேறவில்லை என்றால் அவரே நீட்டித்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் பணம் அந்தத் தேதியோடு நிற்கும்.

ஏன் இத்தனை கெடுபிடி? 2022 ஜனவரியில் ஈடிடி சுமார் 27,000 டாக்டர் கணக்குகள் சந்தேகத்துக்குரியவை என்று சொல்லி, அவற்றோடு சேர்ந்த 3,45,000 விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது. இல்லாத டாக்டர் பெயரில் இல்லாத நோயாளிக்குப் பணம் வாங்கும் கூட்டம் புகுந்துவிட்டது. திருடனுக்குப் போட்ட பூட்டுதான். ஆனால் வீட்டுக்காரனும் அதன் முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு கணக்கு. தொகையை இப்போதைய சம்பளத்தை வைத்துப் போடுவதில்லை. ஏறக்குறைய 5 முதல் 18 மாதத்துக்கு முந்தைய ஒரு வருடச் சம்பளத்தை வைத்துப் போடுகிறார்கள். சென்னையிலிருந்து பிப்ரவரியில் வந்து வேலையில் சேர்ந்த ஒருவர் மே மாதம் விண்ணப்பித்தால் முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரை பார்ப்பார்கள்; இங்கே சம்பளம் பூஜ்யம். அவரே ஜூலையில் விண்ணப்பித்தால் மார்ச் வரையிலான சம்பளம் கணக்கில் வந்துவிடும். குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அந்த 8 வாரத்தை எடுக்கலாம் என்பதால் அப்பாக்கள் காத்திருந்து எடுப்பது புத்திசாலித்தனம்.

மதுரையில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று ஓடுகிறவருக்கும் இது உண்டு. நோயாளி வேறு நாட்டில் இருப்பது தடையில்லை. 2014 முதல் மாமனார், மாமியாருக்கும் சேர்த்துத்தான். அங்குள்ள டாக்டரிடம் சான்றிதழ் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். நம் டாக்டர்கள் லெட்டர்ஹெட்டில் ‘ஓய்வு தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஈடிடி கேட்பது என்ன நோய், எப்போது தொடங்கியது, எப்போது தேறக்கூடும், நாளைக்கு எத்தனை மணி நேரம் கூட ஆள் வேண்டும் என்பது. படிவத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோவது நல்லது.

மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு முடிந்தது என்று மடித்து வைக்க வேண்டாம். கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதைக் கேட்பது ஈடிடி இல்லை, தனி வாரியத்தின் நீதிபதி. வக்கீல் கட்டாயமில்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். மறுப்பும் வரவில்லை, பணமும் வரவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லாத வழி. எம்.எல்.ஏ. ஆபீஸ்! மாநில அசெம்ப்ளி, செனட் உறுப்பினர்களின் தொகுதி அலுவலகங்களில் இப்படித் தேங்கிக் கிடக்கும் விண்ணப்பங்களைக் கேட்டுத் துரத்துவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஓட்டுரிமை இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். தொகுதியில் குடியிருந்தால் போதும். இன்னொன்று, பணம் வருகிறது என்பதற்காக வேலை பத்திரம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. வேலையைக் காப்பது வேறு சட்டங்கள், அதை எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் உள்ள வருத்தம் ஒன்றுதான். வாழ்க்கையிலேயே மிகவும் தளர்ந்து கிடக்கிற நேரத்தில் ஒரு மனிதரை அவருடைய கேஸுக்கே குமாஸ்தாவாக உட்கார வைக்கிறது. மூன்று கணினிகளில் இருக்கும் தேதியை ஒப்பிட்டு, “இது பொருந்தவில்லை, திருத்திக் கொடுங்கள்” என்று ஒரு வரி எழுதி அனுப்புவது அலுவலகத்தின் வேலையாக இருக்க வேண்டும். அப்படி ஆகும்வரை அந்த வேலையைத் தையல் பிரியாத வயிற்றோடு இருக்கிறவளிடம் விடாதீர்கள். கணவரோ அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ, உடம்பு நன்றாக இருக்கிற ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். வளைகாப்புக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போடும்போதே, பேப்பர் வேலை யாருடையது என்றும் முடிவு செய்துவிடுங்கள்.