நூற்றைம்பது வருஷ விசாரணை

வியாதிகளில் இரண்டு ஜாதி உண்டு. வரும்போதே ஊரைக் கூட்டிக்கொண்டு வருவது ஒன்று. அரவமில்லாமல் வந்து, சில வாரம் தங்கி, விருந்தாளியைப் போல் விடைபெற்றுச் சென்று, வீட்டார் மறந்திருக்கும் சமயத்தில் மறுபடி கதவைத் தட்டுவது மற்றொன்று. ‘மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ்’ என்னும் நரம்பு வியாதி இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. இன்று ஒரு கண் மங்கும். சில வாரத்தில் தெளியும். பிறகொரு நாள் கால் மரத்துப் போகும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தோன்றும் இவ்வியாதி, ஆண்களைவிடப் பெண்களையே அதிகமாகப் பீடிக்கிறது. உலகத்தில் 28 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இதனுடன் வாழ்கிறார்கள்.

மின்சாரக் கம்பிக்கு மேலே உறை இருப்பதுபோல் நம் நரம்பிழைகளுக்கும் ‘மயலின்’ என்ற கொழுப்புறை உண்டு. அந்த உறை மூளையிலும் முதுகுத் தண்டிலும் அங்கங்கே சிதைந்து தழும்பாவதே இவ்வியாதி. கட்டளை மூளையிலிருந்து புறப்படும்; கைகாலுக்குச் சரியாகப் போய்ச் சேராது.

பாரிஸ் நகரத்து ஸால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் 1868-ம் வருஷம் டாக்டர் சார்க்கோ என்பவர் இதைத் தனி வியாதியென்று விவரித்தார். உயிரோடிருந்தபோது நோயாளியிடம் கண்ட நடுக்கத்தையும் குழறலையும், இறந்த பிறகு மூளையில் கண்ட தழும்புகளோடு பொருத்திப் பார்த்தார் அவர். சிகிச்சைக்கு வெள்ளி உப்பு, தங்க உப்பு, எட்டிக்கொட்டை விஷம் எல்லாவற்றையும் பரீட்சித்தும் பலனில்லை. வியாதிக்குப் பெயர் கிடைத்தது. வியாதியஸ்தருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

காரணம் என்ன? சார்க்கோவின் சீடர் பியேர் மாரி, தொற்று நோய்களே காரணம் என்று 1884-ல் எழுதினார். குற்றவாளிக் கிருமியை வெகுகாலம் தேடினார்கள்; அகப்படவில்லை. விசாரணை வேறு திசையில் திரும்பியது. அக்காலத்தில் வெறிநாய்க்கடிக்கு மிருகங்களின் நரம்புத் திசுவிலிருந்து ஊசிமருந்து தயாரித்தார்கள். நமது குன்னூரிலும் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்ததுண்டு. அவ்வூசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் விழுந்துவிட்டது. இதை ஆராயப் புகுந்த அமெரிக்க டாக்டர் தாமஸ் ரிவர்ஸ், 1935-ல் குரங்குகளுக்கு மூளைத் திசுவைத் திரும்பத் திரும்ப ஊசி மூலம் செலுத்தினார். அவற்றின் நரம்புறை சிதைந்தது. தேகத்தைக் காக்கவேண்டிய சக்தியே தேகத்தைத் தாக்கக்கூடும் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

இங்கே ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. ஸில்வியா லாரி என்ற அமெரிக்கப் பெண்மணி, தமது தம்பி இவ்வியாதியால் அவதிப்படுவதைக் கண்டு, 1945-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு விளம்பரம் செய்தார். குணமடைந்தவர் யாரேனும் இருந்தால் தெரிவிக்கவேண்டும் என்பதே அதன் சாரம். வந்த கடிதங்களோ, தம்மைப் போலவே வழி தேடிய குடும்பங்களிடமிருந்து வந்தவை. மறு வருஷமே அவர் ஒரு சங்கம் ஸ்தாபித்தார். ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ந்தது. குடும்பத்தார் குரலெழுப்பியது ஆராய்ச்சிசாலைக்கும் கேட்டது.

1981-ல் எம்.ஆர்.ஐ. யந்திரம் இத்தழும்புகளை உயிருள்ள மனிதரிடமே படம் பிடித்துக் காட்டிற்று. சார்க்கோ மரணத்துக்குப் பின் கண்டதை, இனி மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்கலாம் அல்லவா? 1993-ல் அமெரிக்க அரசாங்கம் ‘இன்டர்பெரான் பீட்டா’வை அங்கீகரித்தது. அது நோய் திரும்பத் தாக்குவதைச் சுமார் மூன்றிலொரு பங்கு குறைத்தது. 2010-ல் விழுங்கும் மாத்திரை வந்தது. ஆரம்பத்திலிருந்தே இடைவிடாமல் முற்றிக்கொண்டு போகும் வகைக்கு 2017-ல்தான் முதல் மருந்து வந்தது.

பழைய சந்தேகம் என்னவாயிற்று? 2022-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையார், ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் தஸ்தாவேஜுகளை ஆராய்ந்தார்கள். ‘எப்ஸ்டைன் பார்’ என்ற வைரஸ் தொற்றியபின் இவ்வியாதி வரும் அபாயம் 32 மடங்கு உயர்வதாகக் கண்டார்கள். பியேர் மாரி எழுதி 138 வருஷம் கழித்துத் தொற்று மறுபடியும் கூண்டில் ஏறியது! ஆனால் உலகில் பெரும்பாலோருக்கும் தொற்றும் வைரஸ் அது. வியாதி வருவதோ சொற்பப் பேருக்கு. ஆகையால் அது தனிக் குற்றவாளியல்ல. பரம்பரையும் வேறு காரணங்களும் உடந்தை. சிதைந்த உறையைப் பழையபடி வளர்க்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

நம் நாட்டில் இவ்வியாதி மிக அபூர்வம் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். படம் பிடிக்கும் யந்திரம் பரவியபின் முன்னைவிட அதிகமாகத் தென்படுகிறது. இல்லாத வியாதி வேறு. எண்ணப்படாத வியாதி வேறு. வீட்டிலுள்ள இளம் பெண் கண் மங்குகிறது, கால் மரக்கிறது என்றால், “பலவீனம், தானாகப் போய்விடும்” என்று சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம். தானாகப் போவதும் இவ்வியாதியின் தந்திரமே. சீக்கிரம் கண்டுபிடித்தால் இன்று செய்யக்கூடியது நிறைய உண்டு. சார்க்கோவின் நோயாளிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.