நாயின் பெயரும் கல்லில் உண்டு!

தோழர்களே, சயாம் நாட்டில் நாம்டோக் என்றொரு ரயில் நிலையம். தண்டவாளம் அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் காட்டுக்குள் சென்றால், கூரையில்லாச் சுரங்கம்போல் மலையைப் பிளந்த ஒரு வழி வரும். ரயில் போய்ப் பல ஆண்டுகள் ஆயிற்று. இருபுறமும் கரும்பாறைச் சுவர். காலடியில் ஜல்லி. உடைந்த துளைக்கம்பி ஒன்று இன்னும் பாறைக்குள்ளேயே சிக்கிக் கிடக்கிறது. ‘நரகக் கணவாய்’ என்று பெயர். இரவில் மூங்கில் பந்தம் கொளுத்தி, எலும்பும் தோலுமாய் நின்றவர்களை அடித்து வேலை வாங்கிய காட்சியைக் கண்டவர்கள் வைத்த பெயர்!

1942இல் ஜப்பானிய ராணுவம் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்த சயாம்-பர்மா ரயில் பாதை அது, 415 கிலோமீட்டர். போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியக் கூலிகளோ? தொண்ணூறாயிரம் என்பார், அதற்கும் மேல் என்பார். எண்ணியவர் எவருமில்லை! கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், ஒளித்து வைத்தாவது குறிப்பெழுதினார்கள். தோட்டக் கூலிக்கு யார் இருந்தார்? காலரா வந்தது, கூட்டங்கூட்டமாய்க் குழிக்குள் போனார்கள்.

அவர்களில் ஏராளமானோர் மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறியவர்கள், அவர்தம் பிள்ளைகள். நல்ல கூலி, சில மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினான் ஜப்பான்காரன். ஆசைக்கு மசியாதவரைப் பிடித்து ஏற்றினான். அந்தக் கங்காணிகள் ஆள் திரட்டிய ஜில்லாக்களில் நம் வட ஆர்க்காடும் ஒன்று. திருவண்ணாமலை 1989 வரை அதில்தானே இருந்தது!

இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 வெள்ளைக் கைதிகள் வரிசையாய் உறங்குகிறார்கள். அடையாளம் தெரிந்தவருக்கெல்லாம் பெயர் உண்டு. நரகக் கணவாயில் ஆஸ்திரேலிய அரசு 1998இல் நினைவுக் காட்சியகமே திறந்தது. தம் மக்களை மறவாதவர்கள், பாராட்டுவோம். தமிழருக்கு 2023இல்தான் காஞ்சனபுரியில் பொதுவாக ஒரு நடுகல் எழுந்தது. எண்பது ஆண்டு தாமதம்! அதையும் வரவேற்கிறோம். ஆனால் பெயர்கள்?

நடுகல் நமக்குப் புதிதா? திருவண்ணாமலையிலிருந்து சிறிது தூரத்தில் செங்கம். அவ்வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு மீட்கச் செத்த கருந்தேவக்கத்தியின் பெயர் அதில் இருக்கிறது. கள்வரைக் கடித்த அவன் நாய் கோவிவனின் பெயரும் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, நம் பாட்டனுக்குக் கிடைக்கவில்லை!

அரசு ஆள் அனுப்பட்டும், மலேயாத் தோட்டத்துப் பழைய பதிவேடுகளைத் தேடட்டும், கேட்போம், விடமாட்டோம். அதற்குள் நம்மால் ஆவது ஒன்றுண்டு. போளூர், ஆரணி, வந்தவாசி, செங்கம் கிளைத் தோழர்களே! “எங்க தாத்தா சயாமுக்குப் போனவர் வரவேயில்லை” என்று சொல்லும் கிழவி உங்கள் தெருவில் இருப்பாள். பெயர், ஊர், போன தோட்டம், இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். இந்த வாரமே போங்கள். அந்தக் கிழவிக்கும் எண்பது தாண்டியிருக்கும்.