ஒரு கணினியில் இரு குடித்தனம்

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், காலத்தின் போக்கிற்கேற்பப் பழையவை நீங்குவதையும் புதியவை வந்து சேர்வதையும் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று இசைவு தந்தே தம் நூலை நிறைவு செய்கின்றார். தமிழாசிரியர்களாகிய நாம் அந்நூற்பாவை வகுப்பறையில் பன்முறை விளக்கியிருக்கின்றோம். ஆயினும், புதியது வருவதற்குப் பழையது போயே தீரவேண்டுமா என்னும் வினாவை நாம் எழுப்பிப் பார்ப்பதில்லை. இன்று நம் துறை அறைகளில் அமர்ந்திருக்கும் கணினிகள் அவ்வினாவை நம்முன் வைத்துள்ளன.

கணினியின் உறுப்புகளை இயக்கி, ஏனைய மென்பொருள்களுக்கு இடமளிக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். கல்வி நிறுவனங்களில் பரவலாகப் புழங்கிய விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றன. அதன் பின்னர்க் கிடைக்கும் நீட்டிப்பும் தற்காலிகமானதே. விண்டோஸ் 11க்கு மாறலாமெனில், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு வேண்டும். இன்டெல் செயலியாயின், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பல இத்தேர்வில் தோற்றுவிடுகின்றன.

இந்நிலையில் இருவகைக் கருத்துகள் நம் செவிக்கு எட்டுகின்றன. "பழையவற்றைக் கழித்துக் கட்டிவிட்டுப் புதியன வாங்குவோம்" என்பார் ஒரு சாரார். "இதுகாறும் ஓடியது, இனியும் ஓடும்" என்று வாளாவிருப்பார் மற்றொரு சாரார். முன்னது பொருட்செலவு, பின்னது பாதுகாப்புக் கேடு. இரண்டிற்கும் இடையே மூன்றாம் வழி ஒன்றுண்டு. இருக்கும் விண்டோஸை அகற்றாமல், அதன் பக்கத்திலேயே லினக்ஸ் இயங்குதளத்தைக் குடியமர்த்துவதே அவ்வழி. தமிழ்த்துறைகள் இதனையே மேற்கொள்ள வேண்டும் என்பது நம் துணிபு.

பழையதை ஏன் காக்க வேண்டும்?

பிற துறையினரைவிடத் தமிழ்த்துறையினர்க்குப் பழைய இயங்குதளத்தின் தேவை மிகுதி. ஒருங்குறி பரவுமுன் நம்மவர் பாமினி, டிஸ்கி, டாம், டாப் எனப் பல்வேறு எழுத்துருக்களிலும் குறியாக்கங்களிலும் தமிழைத் தட்டச்சு செய்தனர். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. 2010இல்தான் ஒருங்குறியை அரசு தரமாக ஏற்றது. இவ்விரு ஆண்டுகளுக்கும் முன்னும் பின்னுமாக எழுந்த ஆய்வேடுகள், மலர்கள், கருத்தரங்கக் கட்டுரைகள் எத்தனை எத்தனை! அவற்றுள் பல பேஜ்மேக்கர் மென்பொருளில் பக்கமாக்கப்பட்டவை. அம்மென்பொருளின் கடைசிப் பெரும்பதிப்பாகிய 7.0 வெளிவந்தது 2001இல். அது விண்டோஸிலும் மேக்கிலும் இயங்குவதற்கென எழுதப்பட்டது. லினக்ஸை முன்வைத்து எழுதப்பட்டதன்று.

ஆகவே, பழைய கணினியை எடைக்குப் போடுவோர், அதனோடு ஒரு தலைமுறையின் ஆய்வுழைப்பைத் திறக்கும் சாவியையும் எடைக்குப் போட்டுவிடக் கூடும். ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்ட கதையைக் கூறி நாம் வருந்துகிறோம். நம் காலத்துச் சுவடிகள் வன்தட்டில் உறங்குகின்றன என்பதையும் நினைவிற் கொள்ளல் தகும்.

புதியதை ஏன் சேர்க்க வேண்டும்?

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டொர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். ஒரு மாணவரின் முயற்சியில் முளைத்த இப்பணி, உலகெங்குமுள்ள நிரலாளர்களின் கூட்டுழைப்பால் ஆலமரமாய்த் தழைத்தது என்பதை நம் மாணவர்கள் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் முதலியன அதன் கிளைகள். இவற்றை விலையின்றிப் பெறலாம்; நண்பர்க்குப் படியெடுத்துக் கொடுப்பதும் உரிமத்திற்கு முரணன்று. பாதுகாப்பு மேம்பாடுகளும் தொடர்ந்து வருகின்றன. 4 ஜி.பி. நினைவகமே உள்ள கணினியிலும் இவற்றின் எளிய பதிப்புகள் தாராளமாய் நடமாடும்.

தமிழுக்கும் இங்கு இடமுண்டு. தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக்கொள்ளலாம். லிபர் ஆபீஸ், பயர்பாக்ஸ் ஆகியவற்றைத் தமிழ் இடைமுகத்துடனேயே பயன்படுத்தலாம். இசுலாமியத் தமிழிலக்கியத்தை ஆய்வோர், வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு மேற்கோளைத் தமிழ்ப் பத்தியின் நடுவே ஒருங்குறியில் அமைக்கவும் லிபர் ஆபீஸ் இடந்தரும்.

இரட்டைக் குடித்தனம் நம் மண்ணிற்குப் புதிதன்று. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்ட கணினிகள் மாணவர் கைக்கு வந்தன. ஆயினும், பாஸ் லினக்ஸின் பக்கம் ஒருமுறையேனும் சென்றதுண்டா என்று நாம் வகுப்பில் வினவியபோது, உயர்ந்த கைகள் மிகச் சிலவே. குறை அவ்வியங்குதளத்தின்பாற்பட்டதன்று. இரண்டாம் குடித்தனத்திற்கென ஒரு பணி ஒதுக்கப்படவில்லை. அதனால் அது திறவாத அறையாயிற்று. இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. இரண்டையும் நிறுவுவது பாதி வேலை. இன்னின்ன பணி இன்னின்னதற்கு என்று வகுப்பது மறுபாதி.

நம் வகுப்புமுறை எளிது. இணையம், மின்னஞ்சல், புதிய தட்டச்சு அனைத்தும் லினக்ஸில் நடக்கட்டும். பழைய எழுத்துருக் கோப்புகளைத் திறப்பது, பேஜ்மேக்கர் பக்கங்களைப் பார்ப்பது, அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவது ஆகியன மட்டும் விண்டோஸில் நடக்கட்டும். அப்பக்கத்திற்கு இணைய இணைப்பு வேண்டா. மேம்பாடு நின்றுபோன இயங்குதளத்திற்கு இணையமே பெருவாயில். அவ்வாயிலை அடைத்துவிட்டால் ஆபத்தின் பெரும்பகுதி அடைபடும்.

குடியமர்த்தும் முறை

முதற்கடமை, கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் படியெடுத்தல். இதனைச் செய்யாதார் அடுத்த படிக்குச் செல்லாதிருப்பதே நன்று. பிட்லாக்கர் பூட்டு இருப்பின் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். விண்டோஸிலுள்ள விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை நிறுத்திவிட வேண்டும்; இல்லையேல் விண்டோஸ் முழுமையாக மூடாமல் அரைத்துயிலில் கிடக்க, லினக்ஸ் அதன் பிரிவில் எழுதப்புகின் கோப்புகள் சிதையலாம்.

அடுத்து, விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதிக்குச் சென்று, வன்தட்டில் ஏறத்தாழ 50 ஜி.பி. அளவு இடத்தை ஒதுக்க வேண்டும். லினக்ஸை 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். வன்தட்டைத் தொடாமலே அதனை ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. ஒலி, ஒய்-பை, அச்சுப்பொறி யாவும் இசைகின்றனவா என்று அப்போதே சோதித்தறியலாம். மனநிறைவு ஏற்பட்ட பின்னர், 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவுக' என்னும் பொருள்பட வரும் தெரிவைத் தேர்ந்து நிறுவ வேண்டும். வட்டு முழுவதையும் அழிக்கச் சொல்லும் தெரிவும் அதனருகிலேயே இருக்கும்; கவனம் தேவை.

நிறுவி முடிந்ததும், கணினியைத் தொடங்குந்தோறும் க்ரப் என்னும் வாயிற்காவலன் தோன்றி, எவ்வியங்குதளம் வேண்டுமென வினவுவான். ஒரு நேரத்தில் ஒன்றே விழித்திருக்கும்; மற்றது உறங்கும். சிறு பூசலும் எழுவதுண்டு. வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலக நேரமாகவும் கொள்வதால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகையில் ஐந்தரை மணி நேரம் பிறழ்ந்து காட்டலாம். லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் அது தீரும்.

அஞ்சுவோர்க்கு ஒரு சொல்

இம்முறையில் இடரே இல்லையென நாம் கூறவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் மேம்பாடு ஒன்று, இரட்டை இயங்குதளக் கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்காதவாறு செய்துவிட்டதை ஈண்டுக் குறிப்பிடுதல் நேர்மையாகும். விண்டோஸை மீண்டும் நிறுவினால் அது வாயிற்காவலனை அப்புறப்படுத்திவிடுவதும் உண்டு. ஆதலின் கல்லூரி அலுவலகக் கணக்கு, தேர்வுப் பணி ஆகியவற்றிற்குரிய கணினிகளில் இதனை முதலில் முயலுதல் கூடாது. துறையின் ஒரு கணினியில் தொடங்கி, ஒரு பருவம் பழகிய பின் பிறவற்றிற்கு விரிக்கலாம்.

"இலவசமாய் வருவது தரமாயிராது" என்பார்க்கு ஒரு மறுமொழி உண்டு. உலகின் மிகப் பெரிய மீத்திறன் கணினிகள் 500இன் பட்டியலில், 2017 நவம்பர் முதலாக இடம்பெறும் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நம் கைப்பேசிகளில் உள்ள ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருவின்மீதே எழுப்பப்பட்டது.

கல்லூரிக்குக் கணினி வழங்க முன்வரும் சமுதாயப் பெரியோர்களை நாம் நன்றியோடு நோக்குகின்றோம். பத்துப் புதிய கணினிகளுக்கு ஆகும் தொகையில் ஒரு சிறு பகுதியைப் பழைய கணினிகளின் நினைவகத்திற்கும் காப்புப்படி வன்தட்டுகளுக்கும் ஒதுக்கினால், எஞ்சிய தொகை ஏழை மாணவர் சிலரின் கல்விக் கட்டணமாய் மலரும். கணினித்துறை மாணவர் இருவரும் தமிழ்த்துறை மாணவர் இருவரும் ஒரு விடுமுறை நாளில் கூடி அமர்ந்தால் பணியைத் தொடங்கிவிடலாம். ஒருவர்க்கு இயந்திரம் தெரியும். மற்றவர்க்கு எக்கோப்பு எவ்வளவு அரியது என்பது தெரியும்.

பழையது கழியாமலே புதியது புகலாம். பழங்கோப்புகளெல்லாம் ஒருங்குறிக்கு ஏறிய நாளில் விண்டோஸ் விடைபெற்றுக் கொள்ளட்டும். அதுவரை இரண்டும் ஒரு கூரையின்கீழ் வாழட்டும். அதற்கு ஆவன செய்வோமாக.