கதவில் ஒட்டிய ஸ்டிக்கரும் மனதில் ஒட்டிய பயமும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பார்கள். ஆனால் நோய் என்றதும் காய்ச்சலும் இருமலும்தான் நினைவுக்கு வருகின்றன. மனதுக்கும் நோய் வரும் என்பது கொரோனா ஊரை அடைத்தபோதுதான் பலருக்குப் புரிந்தது. ஊத்துக்குளி இதற்கு நல்ல உதாரணம்.

வெண்ணெய்க்குப் பேர் போன ஊர் இது. இன்று இங்குள்ள பல வீடுகளில் அடுப்பு எரிவது திருப்பூர் பனியன் கம்பெனிகளை நம்பித்தான். காலையில் பஸ்ஸோ ரயிலோ பிடித்துப் போய், ஓவர்லாக் மெஷினிலோ செக்கிங் டேபிளிலோ ஷிப்ட் முடித்து வருவார்கள். 2020 மார்ச் 25ல் ஊரடங்கு தொடங்கியதும் எல்லாம் ஒரே நாளில் நின்றது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்குப் பீஸ் இல்லை என்றால் காசும் இல்லை. சனிக்கிழமை வந்தது, சம்பளம் வரவில்லை. வாடகையும் குழுக் கடனும் மட்டும் நிற்கவில்லை!

மூடியது கம்பெனி மட்டுமா?

இந்த ஊரில் மனக்கஷ்டம் என்றால் யாரும் டாக்டரைத் தேடிப் போவதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புலம்புவார்கள். பக்கத்து மெஷின் அக்காவிடம் அழுவார்கள். கதித்தமலை முருகனிடம் முறையிடுவார்கள். "என்னங்க, சாப்டாச்சுங்களா?" என்று தெருவில் ஒருவர் கேட்பதே பாதி மருந்து. ஊரடங்கில் அடைபட்டவை இவைதான். சாவு வீட்டுக்குக்கூட 20 பேர்தான் போகலாம் என்றானது. கட்டிப்பிடித்து அழ முடியாத துக்கம் எங்கே போகும்?

நோய் வந்த வீட்டின் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். குணமான பிறகும் அந்த வீட்டுக்காரர்களைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. அப்படி ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் ஆகிவிட்டது. 'சமூக இடைவெளி' என்ற சொல்லே தவறு, 'உடல் இடைவெளி' என்று சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொன்னது. யார் காதில் விழுந்தது?

போன் இருந்தது, பேச இடம்?

உதவியே இல்லை என்று சொல்ல முடியாது. பெங்களூர் நிமான்ஸ் 2020 மார்ச்சில் இலவசத் தொலைபேசி ஆலோசனை தொடங்கியது. தமிழ்நாட்டில் 104 இருந்தது. ஆனால் லைன் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும்போது, புருஷன் குடியைப் பற்றி ஒரு பெண் யாரிடம், எப்படி போனில் பேசுவாள்? மில் ஹாஸ்டல் பெண்ணுக்குத் தனியாகப் பேச ஒரு மூலை கிடைக்குமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளி எந்த மொழியில் அழுவார்?

2020ல் மட்டும் உலகில் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 5.3 கோடி பேரும், பதற்ற நோய்க்கு ஆளானவர்கள் 7.6 கோடி பேரும் கூடுதலானார்கள் என்று லான்செட் இதழில் 2021ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. இந்தியாவிலோ கொரோனாவுக்கு முன்பே, 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. ஆக, கொரோனா புதிதாக ஓட்டை போடவில்லை. ஏற்கெனவே ஒழுகிய கூரை மேல் மழையாகப் பெய்தது.

என்ன செய்யலாம்?

2022 அக்டோபரில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் எண் மட்டும் போதாது. பகலில் மட்டும் நடக்கும் மனநல சிகிச்சைக்கு டெய்லர் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஞாயிற்றுக்கிழமையோ ஷிப்ட் முடிந்த பிறகோ ஆலோசகர் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உள்ளூர்ப் பெண்களே வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்தார்கள். அதே வாசலில் "தூக்கம் வருதுங்களா? மனசு எப்படி இருக்குதுங்க?" என்று இரண்டு கேள்வி கேட்க எவ்வளவு செலவாகும்? கம்பெனியில் முதலுதவிப் பெட்டி இருப்பதுபோல, காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஒருவரும் ஒவ்வொரு ப்ளோரிலும் இருக்கலாமே!

அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றும் மாஸ்க் தைக்க திருப்பூரில் ஆள் இருக்கும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஆள் இருக்குமா? அதற்கான பழக்கத்தை இப்போதே தொடங்க வேண்டும்.