ஒத்த கியர் போதும் சாமி!

"இன்னுமா மாப்ள இந்த டப்பாவ ஓட்டுற?" காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது எவனாவது கேட்டுவிடுகிறான். டப்பா என்றால் தாத்தா வாங்கிய 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள். நான் குரங்கு பெடல் அடித்துப் பழகியதும் இதில்தான். அக்கவுண்டன்சி மொழியில் சொன்னால் தேய்மானம் போக இதன் புத்தக மதிப்பு பூஜ்யம் :-)

முன்னால் 44 பல், பின்னால் 18. எண்ணிப் பார்த்தேன், வேறு வேலை இல்லை. ஒரு முறை பெடல் சுற்றினால் ஐந்தரை மீட்டர் கிட்ட நகரும். வீட்டிலிருந்து காலேஜ் ஆறு கிலோமீட்டர், அதாவது சுமார் 1,100 சுற்று. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் தரை தோசைக்கல் மாதிரி. இதற்கு எதற்கு 21 கியர்? முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று பெருக்கி 21 என்கிறார்கள். அதில் பாதி ஒன்றோடொன்று மோதும், கிட்டத்தட்ட ஒரே விகிதம். கியர் சைக்கிள் வைத்திருக்கும் நண்பனைக் கேட்டேன், இரண்டோ மூன்றோதான் போடுவானாம். மிச்சத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தான்? போன மழையில் அவனுடைய டிரெயிலர் வளைந்து செயின் கம்பிக்குள் மாட்டி, பத்து நாள் பஸ்ஸில் வந்தான். என் வண்டிக்கு வருவது பஞ்சர், பிரேக் கட்டை, எப்போதாவது செயின். தெருமுனைக் கடையிலேயே முடிந்துவிடும்.

இது ஏதோ கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். (கொஞ்சம் கஞ்சத்தனம்தான்.) டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937 வரை கியர் மாற்றும் டிரெயிலரை அனுமதிக்கவில்லை. அதுவரை ஆல்ப்ஸ் மலையை எப்படி ஏறினார்கள் என்று யோசித்தால் நம் மேம்பாலமெல்லாம் தூசு.

இதற்கு அடுத்த படி ஃபிக்ஸட் கியர். இதில் ஃப்ரீவீலே கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், கால் ஓய முடியாது. சென்னையில் சித்தப்பா பையனிடம் ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிறு காலை பெசன்ட் நகரில் ஓட்டிப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் காலை நிறுத்தினேன் பாருங்கள், பெடல் உதைத்து ஆளையே சீட்டிலிருந்து தூக்கிவிட்டது! அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அரை மணி நேரம் போனதும்தான் புரிந்தது. வேகம் கூட்டவும் கால், குறைக்கவும் கால். மாடு குறுக்கே வருமோ என்று தூரத்திலேயே கண் தேட ஆரம்பித்துவிடுகிறது. நியூயார்க் கூரியர் பையன்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்கு ஸ்டைல் மட்டும் காரணமில்லை, உடைய அதில் அதிகம் எதுவும் இல்லை.

ஆனால் பிரேக்கைக் கழற்றிவிட்டு ரோட்டில் சுற்றுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் சைக்கிள்தான், உண்மை. ஆனால் அங்கே எல்லோரும் ஒரே பக்கம் போகிறார்கள், குறுக்கே யாரும் வருவதில்லை. 2016-இல் லண்டனில் முன் பிரேக் இல்லாத சைக்கிள் மோதி ரோட்டைக் கடந்த பெண் ஒருவர் இறந்துபோனார். ஓட்டியவருக்கு அடுத்த வருடம் 18 மாதச் சிறை. அந்த ஊர்ச் சட்டப்படி ஃபிக்ஸட் என்றாலும் முன் பிரேக் கட்டாயம். சித்தப்பா பையனும் ஒன்று வைத்திருக்கிறான், இல்லையென்றால் நான் ஏறியிருக்க மாட்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், அப்பா பைக் வாங்க லோன் போடலாம் என்கிறார். "எல்லாப் பிள்ளையும் பைக்ல போவுது, நம்ம புள்ள மட்டும் மிதிச்சுக்கிட்டு" என்று அம்மாவுக்கு வருத்தம். தங்கை அடுத்த வருடம் காலேஜ் சேரணும். மாதத் தவணை எழுதி, பெட்ரோலையும் இன்சூரன்ஸையும் கூட்டி அப்பாவிடம் நீட்டினேன். ஒன்றும் பேசாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரே குறை, ரயில்வே மேம்பாலம். எதிர்க்காற்றடித்தால் பாதியில் இறங்கித் தள்ளுகிறேன், மறைப்பானேன். கடைக்கார அண்ணன் பின்னால் 20 பல் போடு தம்பி, ஏறும் என்கிறார். சமதரையில் கொஞ்சம் வேகம் குறையும், பரவாயில்லை. சனிக்கிழமை மாற்றுகிறேன்.