கோடியும் வெளுப்பும்

திருப்பூரில் ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செல்லும் சிறுவனை நிறுத்தி, ‘இசுபிக் அண்டு இசுபேன்’ என்பதன் பொருள் யாதெனக் கேட்பின், ‘மிகத் தூய்மையாக’ என்று தடையின்றி விடையிறுப்பான். கோடித்துணி யாதெனக் கேட்பின் விழிப்பான். துணி மலைமலையாய்க் குவியும் ஊரிற் பிறந்தவனுக்குத் துணிக்குரிய தாய்மொழிச் சொல் தெரியாமற் போவது சிறுபிழையன்று.

அவன் ஒப்பிக்கும் அத்தொடரின் பிறப்பையேனும் அவனுக்குக் கற்பிப்பாரில்லை. அது முதற்கண் தூய்மையைக் குறித்ததன்று, புதுமையையே குறித்தது. வடபுலத்துப் பழைய நோர்சு மொழியில் மரச்சிராய்க்கு ‘இசுபான்’ என்று பெயர். தச்சன் உளிபட்டு அப்போதே தெறித்து விழுந்த சிராயைப் போலப் புதியது என்னும் கருத்தில் அச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தது. ஆணியைக் குறிக்கும் சொல்லொன்று 16ஆம் நூற்றாண்டில் மோனைபோல் முன்னே ஒட்டிக்கொண்டது. புளூட்டார்க்கின் நூலை 1579இல் ஆங்கிலப்படுத்திய தாமசு நார்த்து, புத்தம்புதிது என்னும் பொருளிலேயே அதனை ஆண்டார். 1665இல் சாமுவேல் பெப்பீசு தம் நாட்குறிப்பில், அழுக்குத் தெருவில் நடந்த ஒரு சீமாட்டியின் புதிய வெண்காலணிகளுக்கு அடையாக்கினார். காலப்போக்கில் ‘புதிய’ என்னும் சொல் உதிர்ந்தது. எஞ்சிய சிராயும் ஆணியும் தூய்மைக்கு ஆயின. சொற்கள் இவ்வாறு திரிவது எம்மொழிக்கும் இயல்பே. அதில் ஆங்கிலவர்க்கு இழிவில்லை. வேரறியாது அதனை நாகரிகமென்று சுமக்கும் நம்மவர்க்கே இழிவு.

தமிழோ புதுமையையும் தூய்மையையும் குழப்பியதில்லை. நீர்படாத புதுத்துணி கோடி. அழுக்ககற்றித் தும்பைப்பூவாய் வந்தது வெளுப்பு. திருப்பூர்த் தொழிலாளி இதனைக் கண்ணாற் காண்கிறான். பின்னற் பொறியினின்று இறங்கும் பருத்தித்துணி புத்தம்புதியதே; எனினும் வெள்ளையன்று. மங்கல் நிறமும் எண்ணெய்க் கறையும் கொண்டு, வெளுத்தபின்னரே வெண்மை பெறுகிறது. தூய்மை உழைப்பால் வருவது என்பதை நம் வினைச்சொற்கள் மறைப்பதில்லை. முகத்தைக் கழுவுகிறோம், ஏனத்தைத் துலக்குகிறோம், தரையை மெழுகுகிறோம், துணியைக் கசக்கித் துவைத்து அலசுகிறோம். (இவையனைத்தையும் ‘சுத்தம்’ பண்ணுவாரும் ‘கிளீன்’ பண்ணுவாரும் ஒரே தவற்றையே பண்ணுகின்றனர்.)

துணிவெளுக்கும் பெண்ணின் கைத்திறம் சங்கப் பாட்டில் இடம்பெற்றுள்ளது. குறுந்தொகை அவள் கஞ்சிப்பசை தோய்த்தலைக் காட்டும். புறநானூற்று 311ஆம் பாட்டு, அவள் வெளுக்கும் நீர் களர்நிலத்துத் தோண்டிய கிணற்றுநீர் என்று சொல்லும். எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. உவர்மண்ணின் காரம் அழுக்கைப் பிரிக்கும். பயிர் விளையாத நிலத்தின் நீர் துணிக்குப் பயன்படும். குடிநீரும் விளைநிலமும் கெடா.

நொய்யற்கரையில் நாம் செய்ததோ இதற்கு நேர்மாறு. வெளுப்புத் தூளும், சாயம் பருத்தியிற் பற்றுதற்கிடும் உப்பும் ஆற்றிற் கலந்தன. களரைத் தேடிச் சென்று வெளுத்த மரபினர், நன்னிலத்தைக் களராக்கினர். பாசனத்திற்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. உழவர் வழக்குமன்றம் ஏறினர். 2011 சனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சாயம் வெளுத்தது என்னும் நம் மரபுத்தொடருக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

கழிவுநீரை ஆற்றில் விடாது மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டின் பேரிலேயே பட்டறைகள் மறுபடி இயங்கத் தொடங்கின. பெயர்ப்பலகைகளில் மட்டும் இன்றும் ‘பிளீச்சிங்’ என்றே பொறித்திருக்கின்றது. ‘வெளுப்பாலை’ என்றெழுத எந்த நீதிமன்றத்தின் ஆணைக்குக் காத்திருக்கின்றனரோ!