ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



இருப்பு எவ்வளவு, போக்கு எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு சிப்பம் அரிசிகூட நாம் கொள்முதல் செய்வதில்லை. தீபாவளிக்கு எத்தனை டின் எண்ணெய் போகும், குற்றாலம் சீசனுக்கு எத்தனை மூட்டை சீனி போகும் என்று போன வருஷத்துக் கணக்கைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் ஆர்டர் கொடுக்கிறோம். ஆனால் வெள்ளம், புயல் என்று செய்தி வந்துவிட்டால் இந்தப் பழக்கமெல்லாம் நமக்கு மறந்து போகிறது. கையில் கிடைத்ததை லாரியில் ஏற்றி, முன்னால் பேனரைக் கட்டி, கிளம்பி விடுகிறோம். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சரக்கு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நான் 2023 டிசம்பரில் பார்த்தேன். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்துக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. நம் குற்றாலத்துச் சிற்றாறும் சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் போய்க் கலப்பதுதான். மேலே நம் மலையில் விழுந்த தண்ணீரும் சேர்ந்து கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்தை முழுக்க அடித்தது. மேட்டில் இருக்கிற நமக்கு ஒரு கடமை உண்டு என்று நினைத்து, நாங்கள் சில வியாபாரிகள் சேர்ந்து அரிசி, பருப்பு, ரொட்டி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் என்று ஒரு லாரி ஏற்றினோம். சாலை திறந்ததும் நானும் கூடவே போனேன்.

நெடுஞ்சாலையை ஒட்டிய முதல் ஊரில் எங்களுக்கு முன்பே மூன்று லாரி இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் திண்ணையில் ரொட்டிப் பாக்கெட்டுகள் அட்டி போட்டுக் கிடந்தன. பாதி பூஞ்சை பிடித்துவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் ரொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாற்று உடை இல்லாமல் நான்கு நாளாக ஒரே சேலையில் இருந்தார்கள். அடுப்பு இல்லாத இடத்தில் எங்கள் அரிசியை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த இடத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து உள்ளே நாலு மைல் தள்ளி என் சம்பந்தி சில்லறைப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவரைத் தேடிப் போனோம். கடையில் இடுப்பளவு தண்ணீர் ஏறி வடிந்திருந்தது. சீனி கரைந்து, உளுந்து முளைவிட்டுக் கிடந்தது. மேல்தட்டில் பாலிதீன் பையில் சுற்றி அவர் காப்பாற்றி வைத்திருந்த ஒரே பொருள் பற்று நோட்டு.

"அண்ணாச்சி, இங்க இறக்காதிய. ஆளே இங்க இல்ல. மேலத்தெரு பூரா பள்ளிக்கூடத்துல கெடக்கு. கீழத்தெருக்காரவ பாதிப்பேரு திருநெல்வேலிக்குச் சொந்தக்காரவ வீட்டுக்குப் போயிட்டாவ. வாய்க்காக் கரையில குடிசை போட்டவங்கதான் எங்கயும் போக்கிடம் இல்லாம மேட்டுல நிக்காவ. அவங்களுக்குக் கொண்டு போங்க" என்றார்.

சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தார். அவரிடம் கணக்கு வைத்திருந்தது 130 வீடு இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பென்சிலால் ஒரு குறி போட்டிருந்தார். பள்ளிக்கூடம் என்றால் 'ப', வெளியூர் என்றால் 'வெ', மேடு என்றால் 'மே'. எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி என்பதும் அவருக்குத் தெரியும். பால் மாவு யார் வாங்குகிறார்கள், சீனி வாங்குவதை யார் நிறுத்தினார்கள் என்பது கடைக்காரனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அந்த நோட்டை வைத்து ஒன்றரை மணி நேரத்தில் லாரியைக் காலி செய்தோம். ஒரு பாக்கெட் வீணாகவில்லை. கேட்டு எழுதிக்கொண்டு வந்த நைட்டி, லுங்கி, கொசுவர்த்தி, பெண்கள் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற பொருள் எல்லாவற்றையும் இரண்டாம் நடையில் அனுப்பினோம்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். பேரிடர் நடந்த இடம் வேறு, மக்கள் இருக்கிற இடம் வேறு. தண்ணீர் வந்த ஊருக்கு லாரி போகிறது. அதற்குள் ஆள் நகர்ந்து விடுகிறார். முதல் நாள் பள்ளிக்கூடம், மூன்றாம் நாள் மச்சினன் வீடு, பத்தாம் நாள் சேறு வாரத் திரும்பவும் சொந்த வீடு. முகாமில் இருப்பவரை அதிகாரி எண்ணிவிடுகிறார். உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியவரை யாரும் எண்ணுவதில்லை. அந்த வெள்ளத்துக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் குடும்ப அட்டையை வைத்து நியாயவிலைக் கடை மூலமாகத்தான் கொடுக்கப்பட்டது. அது ஓர் ஒழுங்கான முறை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அட்டை ஓர் ஊரிலும் பிழைப்பு வேறு ஊரிலுமாக இருக்கிறவரை எந்த முறை கண்டுபிடிக்கும்?

இதற்கு முன் ஒரு பெரிய பாடம் 2020-ல் நமக்குக் கிடைத்தது. மார்ச் 25-ல் ஊரடங்கு. குற்றாலத்தில் அந்த வருஷம் சீசனே இல்லை. லாட்ஜ், ஓட்டல், மர அறுவை மில், செங்கல் சூளை எல்லாம் மூடியதும், அவற்றில் வேலை பார்த்த வடநாட்டுத் தொழிலாளர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி வந்தது. யாரிடமும் சரியான பட்டியல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் ஆள் கொண்டுவரும் ஒப்பந்ததாரர் பதிவு செய்ய வேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். பதிவேட்டில்தான் ஆள் இல்லை.

ஆனால் என் கடைக் கணக்கில் அவர்கள் இருந்தார்கள். நம் ஊரில் கடுகு எண்ணெய் ஊற்றிச் சமைக்கிறவர் யார்? மாதம் ஒரு டின் போவதே அபூர்வமாக இருந்த சரக்கு, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருஷத்தில் பத்து டின் போகத் தொடங்கியிருந்தது. எந்தச் சில்லறைக் கடைக்கு எத்தனை டின், எத்தனை மூட்டை கோதுமை மாவு என்று என் பில் புத்தகத்தைப் பார்த்தாலே எந்தப் பகுதியில் ஆள் கூடியிருக்கிறது என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கோதுமை மாவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகும். ஒடிசாக்காரரும் வங்காளத்துக்காரரும் சோறு சாப்பிடுகிறவர்கள். அவர்களை உருளைக்கிழங்கிலும் கடுகு எண்ணெயிலும்தான் பிடிக்க முடியும். இதெல்லாம் கல்லாவில் இருப்பவனுக்குத் தெரிந்த விஷயம். அன்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை. நாமும் போய்ச் சொல்லவில்லை.

கேட்காததன் விலை என்ன? அந்த வருஷம் மே மாதம் மத்திய அரசு, ரேஷன் அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் வீதம் இரண்டு மாதத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தது. எத்தனை பேர் என்று தெரியாததால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரேஷன் வாங்கும் 80 கோடி பேரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்து, 8 கோடி பேர் என்று முடிவு செய்தார்கள். தானியம் 8 லட்சம் டன். கடைசியில் வாங்கியவர்கள் 3 கோடிக்கும் குறைவு. குடோனில் தானியம் இருந்தது. சாலையில் மக்கள் பசியோடு நடந்தார்கள். இரண்டையும் சேர்த்து வைக்கக் கணக்கு இல்லை. வழியில் இறந்தவர் எத்தனை பேர் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படிப்பட்ட விவரம் வைக்கப்படவில்லை என்றுதான் பதில் வந்தது.

அதன் பிறகு நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. எந்த மாநில அட்டைக்கும் எந்த மாநிலத்திலும் ரேஷன் வாங்கலாம் என்ற திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் 'இ-ஷ்ரம்' என்ற பதிவு தொடங்கி, அமைப்புசாராத் தொழிலாளர் 30 கோடிக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். ஆனால் பதியும்போது இருந்த ஊரிலேயே ஆள் இன்றும் இருப்பாரா? பேரேட்டில் ஒரு தடவை எழுதிவிட்டுப் பிறகு பற்று வரவே வைக்காவிட்டால் அந்தப் பேரேட்டால் என்ன பயன்?

உலகத்தில் இதை ஒரு தனி வேலையாகவே செய்கிறார்கள். ஐ.நா.வைச் சேர்ந்த புலம்பெயர்வு அமைப்பு 2004-ல் ஈராக்கில் இதற்கென ஒரு முறையைத் தொடங்கிப் பிறகு பல நாடுகளுக்கும் கொண்டு போயிருக்கிறது. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சாலைச் சந்திப்பிலும் பேருந்து நிலையத்திலும் நின்று போகிறவர் வருகிறவரை எண்ணுவது, ஒவ்வோர் ஊரிலும் விவரம் தெரிந்தவரிடம் எத்தனை குடும்பம் வந்தது, என்ன தேவை என்று கேட்பது, சில நாள் கழித்துத் திரும்பவும் போய்க் கேட்பது. ஹைத்தி நாட்டில் 2010 ஜனவரியில் பூகம்பம் வந்தபோது, ஆராய்ச்சியாளர்கள் செல்போன் நகர்வை வைத்து, தலைநகரை விட்டுச் சுமார் 6 லட்சம் பேர் எந்தெந்தப் பக்கம் போனார்கள் என்று கண்டுபிடித்தார்கள். நம்மிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால் 'விவரம் தெரிந்தவர்' என்று அவர்கள் தேடுகிற ஆள் நம் ஊரில் யார்? தெருமுனைக் கடைக்காரர்தானே!

வெள்ளமும் பூகம்பமும் மட்டும்தான் ஆளைக் கிளப்பும் என்றில்லை. நம் பக்கத்து மாஞ்சோலையைப் பாருங்கள். 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம். குத்தகை 2028-ல் முடிய வேண்டியது. 2024-லேயே தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து நிறுவனம் வேலையை முடித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக மலையில் இருந்தவர்கள் கீழே இறங்கி வேறு வேறு ஊரில் வாடகை வீடு தேட வேண்டிய நிலை வந்தது. அப்படி வந்த ஒரு குடும்பத்தை முதலில் பார்ப்பவர் யார்? வந்த அன்று சாயங்காலம் கால் கிலோ பருப்பும் ஒரு தீப்பெட்டியும் கேட்டு நிற்பது நம் கடை வாசலில்தான்.

"கணக்கெடுப்பது சர்க்கார் வேலை, நமக்கு எதற்கு அண்ணாச்சி?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைவிட, "பட்டியல் எடுத்தால் அது தப்பான கைக்குப் போகாதா?" என்று கேட்பவர்களுக்கு நான் அதிக மரியாதை கொடுக்கிறேன். அது நியாயமான பயம். 2023 மார்ச்சில் வடநாட்டுத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோ பரவி, பலர் பயந்து ஊருக்கு ரயில் ஏறினார்கள். அந்த நேரத்தில் ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து "நீ எந்த ஊர், எந்த ரூமில் இருக்கிறாய்" என்று கேட்டால் அவன் என்ன நினைப்பான்? அதோடு, யார் நமக்கு எவ்வளவு பாக்கி என்பது அந்தக் குடும்பத்தின் மானம். அதை வெளியில் விடக்கூடாது. ஆகவே கடையை விட்டு வெளியே போகவேண்டியது பெயர் அல்ல, எண்ணிக்கை மட்டும்தான்.

இந்த அடிப்படையில் நம் சங்கத்துக்கு நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று. ஒவ்வொரு சில்லறைக் கடைக்காரரும் மாதக் கடைசியில் இரண்டு எண்ணை மட்டும் தெருச் செயலாளரிடம் சொல்ல வேண்டும்: புதிதாக வந்த குடும்பம் எத்தனை, போய்விட்ட குடும்பம் எத்தனை. பெயர் வேண்டாம், சாதி வேண்டாம், மதம் வேண்டாம்.

இரண்டு. மழை வெள்ளம் என்று வந்தால் அன்றைக்கே தெருவாரியாக மூன்று கேள்வி: ஆள் எங்கே ஒதுங்கியிருக்கிறது, கைக்குழந்தையும் முதியவரும் எத்தனை பேர், சமைக்க வசதி உண்டா. பதிலைக் கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு முறை இதைத் திருத்த வேண்டும்.

மூன்று. போகிற ஊரிலுள்ள ஒரு கடைக்காரரிடம் பேசாமல் நம் சங்கத்து லாரி புறப்படக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரத்தில் யாருக்கும் வேண்டாத பழைய துணி மலைமலையாகக் கிடந்ததைப் பத்திரிகையில் எல்லாரும் பார்த்தோம். அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்ல. கேட்காமல் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

நான்கு. முதல் வாரம் கழிந்ததும் சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, பாதித்த குடும்பங்களுக்குச் சீட்டு கொடுத்து, அந்த ஊர்க் கடையிலேயே வாங்கச் செய்ய வேண்டும். பணத்தைச் சங்கம் கடைக்காரருக்குக் கட்டிவிடலாம். இலவச லாரி வந்துகொண்டே இருந்தால், சரக்கு நனைந்து முதலை இழந்த சில்லறைக்காரர் எப்போது எழுந்திருப்பார்? என் சம்பந்தி மறுபடி கடை திறக்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த 130 வீட்டுப் பற்றில் ஒரு பகுதியை அவர் அடித்தே விட்டார். கேட்க மனம் வரவில்லை என்றார்.

நான் பத்தாம் வகுப்போடு தராசைப் பிடித்தவன். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைவிட நல்ல வழி சொன்னால் ஏற்றுக்கொள்ளத் தயார். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் நடக்கும் செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, இதைப் படிக்கும் கடைக்காரர்கள் இன்று ராத்திரி கடை அடைக்கும் முன் தங்கள் பற்று நோட்டை ஒரு தரம் புரட்டி, ஆறு மாதமாக வராத பெயர்கள் எத்தனை என்று பார்க்கட்டும். அவர்கள் எங்கே போனார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?